காரில் மட்டும் மடி வேண்டாம்

பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாச்சிகளே, அப்பத்தாக்களே, தாத்தாக்களே,

இதை உங்கள் பிள்ளைகளுக்கு அல்லவா எழுத வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்களில் பலருக்கு நான் சொல்லப்போவது ஏற்கெனவே தெரியும். கைப்பேசியில் பார்த்திருப்பார்கள், வெளியூரில் இருக்கும் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். தெரிந்தும் செய்யாமல் விடுகிறார்கள் என்றால் பல வீடுகளில் அதற்குக் காரணம் நாம்தான். வண்டி கிளம்பும் நேரத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "புள்ளைய எங்கிட்டக் குடு" என்று கையை நீட்டுவது நாம்தானே? அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நானும் அப்படிக் கையை நீட்டியவள். என் பேத்திக்கு அப்போது பதினோரு மாதம். குலதெய்வம் கோயிலில் மொட்டை போடுவதற்காக மதுரையிலிருந்து ராஜபாளையம் பக்கம் கிளம்பினோம். மருமகன் முந்தின நாள் இரவே பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். காலையில் நான் அதைப் பார்த்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா பச்சப்புள்ளையக் கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டேன். அவர் மறுவார்த்தை பேசவில்லை. கழற்றி டிக்கியில் வைத்தார். மாமியாரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்.

கல்லுப்பட்டி தாண்டி ஒரு வளைவில் சாலையின் குறுக்கே ஆட்டு மந்தை வந்தது. மருமகன் பிரேக்கை அழுத்தினார். கார் எதிலும் மோதவில்லை. ஒரு ஆட்டின் மீதுகூட உரசவில்லை. ஆனால் மடியில் பிள்ளை இருக்கிறதே என்று நான் பெல்ட் போடாமல் இருந்தேன். முன்னால் சரிந்தேன். பிள்ளை என் இரண்டு கைகளுக்கு நடுவிலிருந்து வழுக்கிப் போய் டேஷ்போர்டில் நெற்றி மோதியது. அன்று கோயிலில் மொட்டை போட்டவர், அந்த வீக்கத்தைச் சுற்றித்தான் கத்தியைக் கொண்டுபோனார். திரும்பி வரும்போது மருமகன் டிக்கியைத் திறந்து, இருக்கையை எடுத்து, மறுபடியும் பின்சீட்டில் கட்டினார். அப்போதும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள் நான். ஓடும் பேருந்தில் பிரேக் போட்டால் நிற்பவர்கள் ஏன் முன்னால் சாய்கிறார்கள் என்று கேட்டு, அதற்குப் பெயர் நிலைமம் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஏதாவது ஒன்றில் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுபோகிறது என்று வையுங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்த நேரத்துக்கு ஏறக்குறைய 140 கிலோ எடையாக உங்கள் கையை இழுக்கும். 25 கிலோ அரிசி மூட்டை ஐந்தரை. இது சராசரிதான், உச்சத்தில் இன்னும் கூடும். என் கையால் முடியாது, உங்கள் வீட்டில் இருக்கும் எந்த வாலிபன் கையாலும் முடியாது. "நான் இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்று நாம் சொல்வதெல்லாம் பாசத்தில் வருகிற பேச்சு. இன்னொரு விதமாகச் சொன்னால், 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடி உயரம். மூன்றாம் மாடிக் கைப்பிடிச் சுவரில் பேரனை உட்கார வைத்துவிட்டு, பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்வீர்களா?

அன்று எங்கள் காரில் ஏர்பேக் விரியவில்லை. பிரேக் போட்டால் அது விரியாது, மோதினால்தான் விரியும். ஒருவேளை அந்த ஆட்டு மந்தைக்குப் பதிலாக ஒரு லாரி நின்றிருந்தால் என்று நினைக்கும்போதுதான் எனக்கு உடம்பு நடுங்குகிறது. டேஷ்போர்டின் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பஞ்சு மெத்தை மாதிரி ஒன்று மெதுவாக வந்து தாங்கிக்கொள்ளும் என்று நான் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. மோதலை உணர்கருவி கண்டுகொண்டதும் ஒரு வேதிப்பொருள் பற்றி எரிந்து, அதில் வரும் வாயு மடித்து வைத்த பையை நிரப்பும். மூடியைப் பிளந்துகொண்டு பை வெளியே வரும் வேகம் மணிக்கு 200 முதல் 300 கிலோமீட்டர் வரை. முழுதாக விரிய நொடியில் முப்பதில் ஒரு பங்கு போதும். கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்தோமே, அந்த மாத்திரையில் மூன்றில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். பெல்ட் போட்டு, முதுகைச் சாய்த்து, எட்டி உட்கார்ந்திருக்கும் பெரியவரின் நெஞ்சும் தலையும் முன்னால் வந்து சேர்வதற்குள் பை விரிந்து, பிறகு காற்றை விட்டுக்கொண்டே அவரைத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் அவ்வளவு வேகம். பெல்ட்டுக்கு அது துணை மட்டுமே. டேஷ்போர்டில் ஏர்பேக் என்று பொறித்திருக்கும் இடத்தில், பல கார்களில், முன்னால் எஸ்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துகள் இருக்கும். அதில் முதல் எழுத்துக்குப் பொருளே 'துணையான' என்பதுதான்.

இப்போது உங்கள் மடியில் குழந்தையை வையுங்கள். அதன் தலை எங்கே இருக்கிறது? உங்கள் நெஞ்சுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில். பை விரிந்து முடிந்து தாங்க வேண்டிய இடத்தில் அல்ல, பை வெடித்துக் கிளம்பும் பாதையில். பெரியவரைக் காப்பாற்றும் அதே விசை குழந்தையின் முகத்திலும் கழுத்திலும் இறங்கும். பின்னாலிருந்து உங்கள் உடம்பு நசுக்கும். சிலர் கெட்டிக்காரத்தனமாக ஒரே பெல்ட்டைத் தங்களுக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மோதும்போது உங்கள் எடை முழுவதும் பிள்ளையைப் பெல்ட்டோடு வைத்து அழுத்திவிடும்.

"நாங்கல்லாம் மடியில வச்சுத்தானே வளர்த்தோம், என்ன ஆயிருச்சு?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நாம் வளர்த்தது அம்பாசடரில். முன்னால் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், மடிக்கொரு பிள்ளை. அந்த அம்பாசடரின் டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் கிடையாது. சாலையும் அன்று இப்படி இல்லை, ஒற்றைச் சாலையில் மாட்டு வண்டிக்குப் பின்னால் உருண்டுகொண்டிருந்தோம். அன்றும் பிள்ளைகள் செத்தார்கள், நமக்குச் செய்தி வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் இன்றைய முன்சீட்டு அன்றைய முன்சீட்டே இல்லை. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது. பக்கத்து சீட்டுக்கும் கட்டாயம் என்ற விதி 2021-இல் புது மாடல்களுக்கு வந்து, அந்த ஆண்டு முடிவுக்குள் எல்லா மாடல்களுக்கும் என்றானது. ஆகவே உங்கள் மகன் 2022-க்குப் பிறகு வாங்கிய புதுக் கார் எதுவானாலும், நீங்கள் பேரனோடு ஏறி உட்காரும் அந்த சீட்டுக்கு முன்னால் ஏர்பேக் இருக்கிறது. நம்முடைய முப்பது வருட அனுபவம் அதற்கு முந்தையது. இந்த விஷயத்தில் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நம்மை முந்தி ஏர்பேக் பொருத்திய நாடு இதற்குக் கொடுத்த விலை தெரிந்துதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1990 முதல் 2008 வரை, பிழைத்திருக்கக்கூடிய குறைந்த வேக விபத்துகளில், முன்பக்க ஏர்பேக் விரிந்ததாலேயே 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு. அவர்களில் பெரும்பகுதி குழந்தைகள். இறந்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெல்ட் போடாதவர்கள் அல்லது சரியாகப் போடாதவர்கள். இந்த மரணங்களைப் பார்த்துத்தான் ஏர்பேக்கின் வேகத்தைக் குறைத்தார்கள், எச்சரிக்கைப் படம் ஒட்டினார்கள், பிள்ளைகளைப் பின்சீட்டுக்கு அனுப்பினார்கள். 13 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பின்சீட்டில்தான் என்று அங்கே குழந்தை மருத்துவர்கள் சொல்வது அந்தப் பாடத்தை வைத்துத்தான்.

அந்தப் பாடத்தை நாம் மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம். 2024 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் முன்சீட்டில் தாயின் மடியில் இருந்த இரண்டு வயதுப் பெண்குழந்தை. அதே ஆண்டு டிசம்பரில் நவி மும்பையில் முன்சீட்டில் இருந்த ஆறு வயதுச் சிறுவன். 2025 ஜூலையில் நம்முடைய செங்கல்பட்டு மாவட்டத்தில், தந்தையின் மடியில் இருந்த ஏழு வயதுச் சிறுவன். மூன்று பேரையும் மாய்த்தது விரிந்த ஏர்பேக் என்று செய்தி வந்தது. மடியில் வைத்திருந்த பெரியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பெற்றோரை ஒரு சொல்லும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்தேன். எனக்கு ஒரு வீக்கத்தோடு போனது.

இனி நீங்கள் சொல்லும் மற்ற காரணங்களுக்கு வருகிறேன்.

கட்டிப்போட்டால் பிள்ளை அழும். ஆமாம், அழும். முதல் இரண்டு மூன்று பயணத்தில் ஊரைக் கூட்டும். அப்போது நமக்குக் கை பரபரக்கும், "தூக்கிட்டா என்ன, கொஞ்ச நேரந்தானே" என்று வாய் வரும். அந்த இடத்தில்தான் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தடுப்பூசி போடும்போதும் அழுகிறது, நாம்தானே கையைப் பிடித்துக்கொண்டோம்? பக்கத்தில் உட்காருங்கள். கதை சொல்லுங்கள், கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி இறக்கித் தூக்கிக்கொள்ளுங்கள். பால் குடிக்க வேண்டுமென்றால் வண்டி நிற்கட்டும். என் பேத்தி நாலாவது பயணத்தில் அழுகையை விட்டாள்.

பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறோம் என்பீர்கள். ஏர்பேக் விரிய நெடுஞ்சாலை வேகம் தேவையில்லை. அசையாத சுவர் ஒன்றில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே போதும். அது நம் தெருவில் போகும் வேகம்.

இன்னொன்று, நம் வயதுக்காரர்கள் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருப்பது: நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது விபத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம். நான் அந்த நம்பிக்கையில் வளர்ந்தவள், அதை இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் புது வண்டி வாங்கியதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோமே, பூசணிக்காய் உடைக்கிறோமே, பாதையில் ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொண்டுதானே செய்கிறோம்? குழந்தையை அதன் இருக்கையில் வைத்து வாரை மாட்டுவதும் அதே அக்கறையில் சேர்ந்ததுதான்.

சாமியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏர்பேக் எழுத்து இருக்கும் மூடியின் மேல் பிள்ளையாரையோ முருகனையோ மாதாவையோ பசை போட்டு ஒட்டாதீர்கள். மூடி பிளக்கும்போது சிலை எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு வரும். ஓட்டுநருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது, அங்கே வைத்துக் கும்பிடலாம்.

இருக்கைக்கு ஆகும் செலவைப் பற்றிக் கேட்பீர்கள். சில ஆயிரம் ரூபாய் ஆகிறது, எளிய வீட்டுக்கு அது சுமைதான், மறுக்கவில்லை. வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. பிறந்த குழந்தைக்குப் பின்னோக்கி உட்காரும் இருக்கை வேண்டும், அதாவது முகம் காரின் பின்பக்கத்தைப் பார்த்து. கைக்குழந்தையின் தலை உடம்பில் கால்பங்கு நீளம், கழுத்து கீரைத்தண்டு. மோதும்போது தலை முன்னால் வீசப்படாமல் முதுகுப்பக்கம் முழுவதும் சேர்ந்து தாங்க வேண்டும் என்பதற்காக அப்படி. குறைந்தது 15 மாதம் வரை அப்படியே இருக்கட்டும், இருக்கை கொள்ளும் வரை எவ்வளவு நாள் போனாலும் நல்லது. இந்த இருக்கையை முன்சீட்டில், வேலைசெய்யும் ஏர்பேக்குக்கு எதிரே, ஒருபோதும் கட்டக் கூடாது. முன்சீட்டின் வெயில் மறைப்பை இறக்கிப் பாருங்கள், குழந்தை இருக்கையின் படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதை அச்சடித்திருப்பது நமக்காகத்தான். பிறகு முன்னோக்கி உட்கார்ந்து தோள்வாரோடு இருப்பது, அதன் பிறகு பெரிய பிள்ளைகளுக்கு உயரம் கொடுக்கும் பூஸ்டர். கார் பெல்ட் கழுத்தில் ஏறாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பிலும் படியும் உயரம் வரும்வரை பூஸ்டர் தேவை. ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு வயது வரை. கார் பெல்ட்டாலேயே கட்டும் வகை இருக்கைகள் இருப்பதால் வாடகைக் காரிலும் எடுத்துப்போய்க் கட்டிக்கொள்ளலாம்.

சரியாகப் பயன்படுத்தினால் பலன் என்ன? கார் விபத்தில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை இறக்கும் அபாயம் 71 விழுக்காடும், ஒன்றிலிருந்து நாலு வயது வரை 54 விழுக்காடும் குறைவதாக அதே அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. நம் சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயது நிறையாத பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். அந்த அபராதம் கட்டிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. காவலர் கேட்காததால் குற்றம் இல்லை என்று ஆகிவிடாது.

கார் வாங்கும்போது "அஞ்சு ஸ்டார் வண்டி" என்று பெருமையாகச் சொல்கிறோம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் என்ற நம் நாட்டு மோதல் சோதனையில் குழந்தைகளின் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. ஒன்றரை வயது, மூன்று வயதுப் பிள்ளைகளின் அளவில் செய்த பொம்மைகளைப் பின்சீட்டில் குழந்தை இருக்கையில் கட்டி வைத்து மோதிப் பார்த்துத்தான் அந்த நட்சத்திரத்தைத் தருகிறார்கள். பொம்மையை யாரும் மடியில் வைத்துக்கொண்டு உட்காரவில்லை. மடிக்கு நட்சத்திரம் கிடையாது.

நம்முடைய உயிரும் இதில் இருக்கிறது. 2022-இல் மட்டும் சீட் பெல்ட் போடாததால் 16,715 பேர் நாட்டில் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்து இறந்தார். பின்சீட்டில் உட்கார்ந்தால் போதும், பெல்ட் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பெல்ட் போடாத பெரியவர் பின்னாலிருந்து பறந்து வந்து முன்னால் இருப்பவர்மீதும் பக்கத்தில் கட்டியிருக்கும் குழந்தைமீதும் விழுவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு உங்களிடம் நான் கேட்பது சிறியது. மகளுக்கு முதல் பிரசவம் பார்த்து அனுப்பும்போது தாய்வீட்டுச் சீராகத் தொட்டில் வாங்கித் தருகிறோம். வெள்ளிக் கொலுசு, அரைஞாண், பால்சங்கு எல்லாம் வைக்கிறோம். காதுகுத்துக்குத் தாய்மாமன் தட்டு வரிசையோடு வருகிறார். அந்தத் தட்டுகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, ஒரு கொலுசின் எடையைக் குறைத்துக்கொண்டு, குழந்தை இருக்கை ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மருத்துவமனையிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்கே அது வேண்டும், அதனால் வளைகாப்பு முடிந்ததுமே வாங்கி வையுங்கள். நாம் வாங்கிக் கொடுத்ததை நாமே கழற்றச் சொல்ல மாட்டோம். நம் பிள்ளைகளும் நம் சொல்லுக்குப் பயந்து அதை டிக்கியில் போட மாட்டார்கள். தொட்டிலும் ஒரு காலத்தில் மடிக்கு மாற்றாக வந்ததுதானே.

வீட்டில், திண்ணையில், கோயில் பிராகாரத்தில் பேரனை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரில் மட்டும் வேண்டாம். அடுத்த முறை வண்டி கிளம்பும்போது நீங்களே முந்திப் போய்ப் பின்கதவைத் திறந்து, "புள்ளைய அதோட சீட்டுல உக்கார வைங்க, நான் பக்கத்துல இருந்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் மருமகனோ மருமகளோ உங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டுக் காத்துக்கொண்டிருக்கும் வார்த்தை அது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு அம்மாச்சி